பிடி விடும் சூடு

முப்பது டிகிரியில் முதல் நத்தை தொட்டிக் கண்ணாடியை விட்டு விழுந்தது.

செல்வக்கனி நேரத்தை எழுதினாள்.

குளிர் நாட்டுக் கடற்கரை நத்தை. விமானத்தில் வந்து இறங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. அது விழுந்ததில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பாவம், வெயிலைக் கண்டதில்லை.

பக்கத்துத் தொட்டியில் தூத்துக்குடி நத்தைகள். அதற்கு இன்னும் சூடு வைக்கவே இல்லை. ஆனாலும் தண்ணீர் முப்பத்தைந்து டிகிரி, நம்மூர்ப் பாறைக்குழியில் மதியம் கிடக்கிற அதே சூடு. நத்தைகள் அலட்டிக்கொள்ளாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கடல் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர் வேலை. கால் மணிக்கு ஒரு டிகிரி கூட்ட வேண்டும். எது எந்தச் சூட்டில் பிடியை விடுகிறது என்று நோட்டில் எழுத வேண்டும். போன சித்திரையில் அவள் புருஷன் பால்துரை உப்பளத்தில் சுருண்டு விழுந்து இறந்த பிறகு கிடைத்த வேலை.

மாரடைப்பு என்றார்கள்.

வெயில் என்று யாரும் சொல்லவில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து பாத்தியில் நின்று உப்பு வாரியவரை வெயில் என்ன செய்துவிடும்? ஒரு வருஷமாக இந்த ஒரு நினைப்பில்தான் அவள் ராத்திரி கண்ணை மூடுகிறாள்.

மதியம் நம்மூர்த் தொட்டியைச் சூடாக்கினாள்.

முப்பத்தாறு. முப்பத்தேழு.

முப்பத்தெட்டில் எல்லாம் விழுந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"என்ன மேடம், அதுக்குள்ள விழுந்திருச்சு? இதுகளுக்கு வெயிலு பழக்கந்தான?"

ஆய்வாளர் ஹேமா நோட்டை வாங்கிப் பார்த்தார். சின்ன வயசு. இவள் வீட்டுச் சங்கதி எதுவும் தெரியாது.

"பழக்கம்தான் அக்கா. அதுதான் பிரச்சினையே. குளிர் ஊர் நத்தை பதினஞ்சு டிகிரியில வாழுது. அதுக்கு மேல இன்னொரு பதினஞ்சு தாங்குச்சு. நம்மது வாழுறதே முப்பத்தஞ்சுல. மிச்சம் மூணே மூணு."



செல்வக்கனி விழுந்து கிடந்த நத்தைகளைப் பார்த்தபடி கேட்டாள்.

"விழுறதுக்கு முன்னாடி எதாச்சும் காட்டுமா மேடம்?"

"காட்டும். பிடி தளரும். கவனிச்சுப் பார்த்தா தெரியும்."

ஹேமா அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

போன சித்திரையில், அந்தக் கடைசி நாள் காலை, பால்துரையின் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பு நழுவிக் கீழே விழுந்தது. தலை கிறுகிறுன்னு வருது கனி, இன்னைக்குப் போகலை என்றார்.

அவள் சிரித்தாள்.

தரையைத் துடைத்தாள். துண்டை உதறி அவர் தோளில் போட்டாள். வெயிலு என்ன ஒங்களுக்குப் புதுசா என்று சொல்லி, அவளேதான் அனுப்பிவைத்தாள்.