சத்தம் போடாத வண்டி

நாராயணசாமிக்கு இடது முட்டி வலி காலையிலிருந்தே உயிரை எடுத்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, காலை ஒரு கையால் தூக்கி உள்ளே வைத்துத்தான் கரண்ட் காரில் ஏறினார்.

கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை, முட்டிக்கு நல்லது, அதனால்தான் வாங்கினேன் என்று கச்சிராயபாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஊரும் நம்பியது.

உண்மையான காரணம் ஏரிக்கு அந்தப் பக்கம், அவருடைய மூன்று ஏக்கர் நிலத்தில் இருந்தது. அதன் பெயர் பூமாலை.

அங்கே கூலிக்கு வரும் பன்னிரண்டு பெண்களில் அவள்தான் முன்கை; ஆள் சேர்ப்பதும் கூலி பேசுவதும் அவள்தான். பழைய டீசல் ஜீப் ஏரிக்கரையில் திரும்பும்போதே அதன் சத்தம் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். அவர் போய் இறங்குவதற்குள் பன்னிரண்டு முதுகும் வளைந்து களை வெட்டிக்கொண்டிருக்கும்.

"ஒங்க ஜீப்பு நல்ல ஜீப்புங்க ஐயா. ஒங்களுக்கு முன்னாடியே வந்து நிக்குது" என்று ஒருநாள் பூமாலை எல்லார் முன்னாலும் சொன்னாள். குனிந்த குனியில் ஒருத்தி இருமுவது போலச் சிரித்தாள். வரப்பில் இருந்த பூமாலையின் கஞ்சித் தூக்கைக் காலால் எத்திவிட்டுத்தான் அன்று அவர் வண்டி ஏறினார்.

அடுத்த தையில் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கிற நேரம் பார்த்து, கூலியில் ஐம்பது ஏற்றிக் கேட்டு மூன்று நாள் வேலையை நிறுத்தினாள் அவள். மழை பிடித்துக்கொண்டது. கதிர் தட்டையிலேயே முளைவிட்டது.

அவள் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அத்தனை பேர் முன்னிலையில் துரத்த வேண்டும். அதுவரை அவருக்குத் தின்ற சோறு செரிக்கப்போவதில்லை.

சேலத்துக் கார் கடையில் அவர் விலையைக் கேட்கவில்லை. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும் என்றும் கேட்கவில்லை. பின்னால் வந்து நின்றால் தெரியுமா என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றான் விற்கிற பையன். "இதையே போடு" என்றார்.

முன்பணத்துக்கு என்ன செய்வது என்று அவர் கேட்டதற்கு, "அது என் பாடு நைனா" என்றான் மகன் சுபாஷ்.

உள் ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்துகொண்டிருந்த சமயம் அது. சின்னசேலத்தில் இரண்டு மணி நேரம் மாட்டி, கடை அடைக்கிற நேரத்துக்குத்தான் சேலம் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பேங்க் தாள், பத்திரத்தாள் என்று சுபாஷ் ஒரு கட்டையே நீட்டினான். அவன் விரல் வைத்த இடத்திலெல்லாம் நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

ஜீப்பையும் கடையிலேயே எடுத்துக்கொண்டார்கள். புது வண்டி வர ஒரு மாதம் ஆனது. அதுவரை முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு கட்டிலோடு கிடந்தார். நிலத்தைச் சுபாஷ் பார்த்துக்கொண்டான். கூலிக்கு என்று ஒரு வாரம்கூட அவரிடம் வந்து கை நீட்டவில்லை.

வண்டி வந்ததும் மாட்டுக் கொட்டகைச் சுவரில் அதற்கென்று தனி பிளக் போட்டார்கள். முதல் நாள் தெருவில் ஓட்டிப் பார்த்தார். படுத்திருந்த நாய், டயர் வாலை உரசிய பிறகுதான் அலறிக்கொண்டு ஓடியது. நாராயணசாமி ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார்.

மண் ரோட்டில் இறக்காதே, அடியில் பேட்டரி தட்டும் என்று சுபாஷ் தினமும் சொன்னான். ஒரு வாரம் பொறுத்தார். இன்று அவன் கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறியதும் சாவியை எடுத்துவிட்டார்.

ஏரிக்கரையில் திரும்பும்போது மணி பதினொன்று. புங்க மரத்து நிழலில் பன்னிரண்டு பேரும் அவருக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார்கள். நடுவில் பூமாலை காலை நீட்டி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். களைக்கொத்துகள் ஒரு ஓரமாகக் குவிந்து கிடந்தன.

பத்தடி தூரத்தில் வண்டியை நிறுத்தினார். ஒருத்திக்கும் தெரியவில்லை. அவருக்கு முட்டி வலியே மறந்துபோயிற்று. கொஞ்ச நேரம் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் வைத்திருந்தார்.

பன்னிரண்டு பேரும் திரும்பினார்கள். ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

"இன்னாடி, கல்யாண வூட்ல பந்திக்கு குந்தன மாதிரி குந்திக்கினு இருக்கீங்க? எந்திரிச்சிப் போங்க. இனிமே ஒருத்தி காலும் இந்த மண்ணுல படக் கூடாது."

பூமாலை வெற்றிலையை வாயில் போட்டு நிதானமாக மென்றாள். சாற்றை ஓரமாகத் துப்பினாள்.

"யாரு மண்ணுல ஐயா? ஒரு மாசமா இது எங்க போக்கியம். பன்னெண்டு பேரும் குழுவுல லோன் எடுத்து ஒங்க புள்ள கையில குடுத்தோம். தண்ணி ஜாஸ்தி இருக்கற நெலம்லாம் வந்துது, வேணாம்னுட்டோம். ஒங்க நெலந்தான் வேணும்னு கேட்டு வாங்குனோம். பணத்த நீங்க திருப்பி வெக்கிற வரைக்கும் நாங்கதான் பயிர் வெப்போம். கையெழுத்து நீங்க போட்டதுதான்."

எந்தப் பணம், அது எங்கே போயிற்று என்று நாராயணசாமி வண்டிக்குள் இருந்தபடியே கேட்டார்.

பூமாலை எழுந்து வந்து இறக்கியிருந்த கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நீங்க குந்திக்கினு இருக்கறதே அதுமேலதாங்க. அஞ்சு லட்சம், எங்களுக்கு இன்னும் பாக்கி."