மெட்கால்ஃப் வயலின் குறுக்கே

'டமார்!'

வேலிக்கு அப்பாலிருந்து வெடிச் சத்தம் கேட்டதும் கிளெமென்ட் ஆலரன்ஷா தொப்பென்று சேற்றில் குப்புற விழுந்தார். முதுகுப் பை நழுவி வந்து அவர் தலைமேல் உட்கார்ந்துகொண்டது.

"சுடுறான் பெரில்! மெட்கால்ஃப் துப்பாக்கியைத் தூக்கிட்டான்! இன்னிக்கு இருபதாவது வருஷம்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. குனி, குனி!"

அவர் மனைவி பெரில் குனியவில்லை. "அது பார்லி வயல்ல காக்கா விரட்டுற வெடி, கிளெம். கால் மணிக்கு ஒரு தடவை தானா வெடிக்கும். எழுந்திரு, காக்காகூட இவ்வளவு பயப்படலை."

கிளெமென்ட் எழுந்தார். மூக்கில் ஒட்டியிருந்த சேற்றைப் பதக்கம் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டார்.

மேற்குக் கடலில் பூட்ஸை நனைத்துக் கிளம்பி, கிழக்குக் கடலில் நனைத்து முடிக்கிற பதின்மூன்று நாள் நடை. ஒவ்வொரு மே மாதமும் இருவரும் நடக்கிறார்கள். ஒன்பதாம் நாள் மெட்கால்ஃபின் நிலம் வரும். குறுக்கே போனால் அரை மணி நேரம். சுற்றிப் போனால் லாரிகள் உரசிக்கொண்டு ஓடும் தார்ச்சாலையில் மூன்று மைல்.

அந்த நிலத்தில் இந்தக் கோடையில் விடுமுறைக் குடில்கள் வரப்போகின்றன. வந்துவிட்டால் குறுக்குவழிக்கு முழுக்கு. தடுக்க ஒரே வழிதான் இருந்தது. அனுமதி கேட்காமல், யாரும் தடுக்காமல் இருபது வருஷம் ஜனங்கள் நடந்த தடம் சட்டப்படி பொதுப்பாதை. இன்று அந்த இருபது முடிகிறது. மறுபக்கக் கேட்டில் பாதை அதிகாரி மிஸ் திரெல்ஃபால் படிவத்தோடு காத்திருந்தார்.

விடாமல் நடந்ததற்குச் சாட்சி இவர்கள் இருவர்தான். அந்த வழியே நடக்க வரும் மற்றவர்களைக் கிளெமென்ட் மனிதராகவே மதிப்பதில்லை. "பெட்டியை வேன்ல அனுப்பிட்டுக் கைவீசி வர்றவனெல்லாம் நடக்கிறவனா? ஊர்வலம் போறவன்!"

படிக்கட்டு வைத்த வேலியைத் தாண்டி வயலில் இறங்கினார்கள். அக்கம்பக்கத்தையே கலக்கும் மெட்கால்ஃபின் சிவப்புக் காளை கண்ணில் படவில்லை. வருஷா வருஷம் இவர்கள் வரும் அன்று மட்டும் அது படுவதே இல்லை.

"பார்த்தியா? என் காலடிச் சத்தம் கேட்டா காளைகூட ஒதுங்கிக்குது."

"நேத்தே தொழுவத்துல கட்டியிருப்பாங்க, கிளெம். மெட்கால்ஃப் வந்து..."

"மெட்கால்ஃபைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காதே."

பாதி வயலில் மெட்கால்ஃபே டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். கிளெமென்ட் கைத்தடியை ஈட்டிபோல் பிடித்துக்கொண்டார். மெட்கால்ஃப் தொப்பியைக் கழற்றியது பெரிலுக்கு.

"வாங்க மிஸஸ் ஆலரன்ஷா. நல்லவேளை, மழை விட்டுச்சு."

"மழை பெய்ஞ்சாலும் நான் நடப்பேன்!" என்று குறுக்கே பாய்ந்தார் கிளெமென்ட். "தடுக்கப்போறியா? தைரியம் இருந்தா தடு பார்ப்போம்!"

"நான் எதுக்குத் தடுக்கணும்? நடங்க. அந்தப் பக்கம் சாணி கிடக்கு, பார்த்து."

"சாணி எங்கே கிடக்குன்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லி அதிலேயே காலை வைத்தார் கிளெமென்ட்.

டிராக்டர் தூரம் போனதும் அவர் குரல் இன்னும் உயர்ந்தது. "இருபது வருஷம்! தடுத்து ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழலை. முதுகெலும்பே இல்லாத ஜென்மம்!"

"நல்ல மனுஷன் கிளெம். நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு..."

"அப்புறம் சொல்லு. சட்ட விஷயத்துல உன் சமையல்கட்டுக் கதையெல்லாம் வேண்டாம்."

பெரில் கேட்டைப் பார்த்து நடந்தாள். 'அப்புறம் சொல்லு' கேட்டு நல்ல பழக்கம் இருந்தது அவளுக்கு.

மறுபக்கக் கேட்டின் மேல் பலகையிலேயே மிஸ் திரெல்ஃபால் படிவத்தை விரித்தார். "எத்தனை வருஷமா நடக்கிறீங்க, மிஸ்டர் ஆலரன்ஷா?"

"இருபது. ஒண்ணுகூட விடலை."

"யாராவது தடுத்தாங்களா?"

"இந்தக் காலைத் தடுக்கிற ஆம்பிளை இந்த மாவட்டத்துல பிறக்கலை."

"நிலத்துக்காரர்கிட்ட எப்பவாவது அனுமதி கேட்டீங்களா?"

"நானா? அவன்கிட்டயா?" கிளெமென்ட் சிரித்த சிரிப்பில், வெடிக்கு அசையாத காகங்கள் கூட்டமாக எழுந்து பறந்தன. "சொந்த நாட்டுல நடக்க ஒரு மாட்டுக்காரன்கிட்ட கையேந்துற கோழை நான் இல்லை, மேடம்!"

காகிதம் கிழிகிற அழுத்தத்தில் கையெழுத்துப் போட்டார். படிவம் பெரில் பக்கம் திரும்பியது.

"நீங்களும் சாட்சி. மூணு கேள்விதான். சத்திய வாக்குமூலம், அதனால உள்ளதை உள்ளபடி எழுதணும்," என்றார் மிஸ் திரெல்ஃபால்.

பெரில் முதல் இரண்டுக்கும் பதில் எழுதினாள். மூன்றாவதை இரண்டு தடவை படித்தாள். பேனாவை மெல்லக் கீழே வைத்தாள்.

"என்ன பெரில், எழுத்து மறந்துபோச்சா?" என்று பல்லைக் கடித்தார் கிளெமென்ட். "கேட்கலைன்னு எழுதேன்!"

பெரிலின் முகம் காதுவரை சிவந்தது.

"அடுத்தவங்க நிலமாச்சே கிளெம்... ஒவ்வொரு வருஷமும் கிளம்புறதுக்கு முன்னாடி நான் லெட்டர் போட்டுக் கேட்டுட்டுத்தானே வர்றேன்!"