சிப்பின் மூலையில் ஒரு வீடு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுண்ணோக்கியில் குனிந்தான்.

முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு தங்க நிறத்தில் கோடுகள். படிய வாரிய தலைமுடி போல நெருக்கமாக.

"இடப்பக்கம் கீழ, மாப்ள. கடைசி மூலை" என்றார் ஃபெலிக்ஸ்.

பச்சைப் போர்டில் மூடி போடாத சிப் உட்கார்ந்திருந்தது. நகத்தளவு. மூலை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனான்.

கையெழுத்துப் போட வந்தவன் அவன். பத்திரம் மேசையில் இருந்தது. அதன்மேல் மூடி கழற்றிய பேனா. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று ஃபெலிக்ஸின் கம்பெனியை மொத்தமாக வாங்குகிறது. அவர்களுக்கு இங்குள்ள ஆட்கள் போதும். இந்த ஏ.ஐ. சிப் வேண்டாம். மற்ற பங்குதாரர்கள் கொடுத்துவிட்டார்கள். சங்கரியின் பங்குகள் மட்டும் பாக்கி, அவையும் சேர்ந்தால்தான் விற்பனை முடியும்.

அவை இப்போது அவனுடையவை.

சங்கரி அவன் மனைவி. இங்கேதான் வேலை பார்த்தாள். சிப்புக்குள் எந்தக் கம்பி எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைகிற வேலை. ஃபெலிக்ஸ் கல்லூரியில் அவளுக்கு மூத்தவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். வீட்டு முன்பணத்துக்குச் சேர்த்ததை எடுத்து அண்ணனின் கம்பெனியில் பங்கு வாங்கினாள்.

அவனும் தலையாட்டினான். சந்தைக்கு வராத பங்கு. வைத்திருக்கலாம், நினைத்த அன்று விற்க முடியாது. தெரிந்துதான் தலையாட்டினான்.

வாடகை ஏறிய பிறகு குத்திக்காட்ட ஆரம்பித்தான். சாப்பிடும்போது. அவள் தன் அப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது. குழாயில் தண்ணீர் குறைந்தால்கூட, "உங்க அண்ணன் கம்பெனிய ஒரு மோட்டார் செய்யச் சொல்லேன்."

அவள் இருக்கிற தண்ணீரைப் பிடித்து வைப்பாள்.

சிப்பின் வரைபடம் தயாரிப்புக்காகத் தைவானுக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் போன் செய்தாள். ஒரு மூலை மிச்சம் இருக்கிறதாம். வேலை முடிந்தால் ஆளுக்கொரு படம் போட்டுக்கொள்வது இவர்கள் வழக்கமாம், ஒரு தலைமுடி அகலத்தில். ஒரு பையன் தன் பைக்கைப் போட்டிருக்கிறான். ஃபெலிக்ஸ் அண்ணன் ஊர் ஞாபகத்தில் ஒரு பனைமரம். நாளைக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது, உனக்கு என்ன வேண்டும் சொல், என்றாள்.

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

அவன் அப்போதுதான் வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கிவிட்டு மாடியேறி வந்திருந்தான்.

"ஒரு வீடு போடு. அங்கயாவது குடியிருப்போம். எனக்குத் தனி ரூம் வேணும். அதையும் மறக்காம போடு."

அவள் சரி என்று வைத்துவிட்டாள்.

அந்த நாட்களில் அவன் கூடத்தில்தான் படுத்துக்கொண்டிருந்தான்.

சிப் தயாராகி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு முறை, சிப் வந்துவிட்டதா என்று கேட்டாள். போட்ட பணத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தான். அதை விடு என்றான்.

விட்டுவிட்டாள்.

நுண்ணோக்கியில் மூலை கிடைத்தது.

பைக் இருந்தது. பனைமரம் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் வீடு.

கூரையும் புகைபோக்கியுமாகக் குழந்தைகள் வரைகிற வீடு இல்லை. மேலிருந்து பார்க்கிற வரைபடம். அவளுக்கு அப்படித்தான் வரைய வரும். வாசல். சமையலறை. பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் அவன் கேட்டுக் கேட்டு இல்லையென்று திரும்பிய கிழக்கு ஜன்னல்.

தன் அறையைத் தேடினான்.

வீட்டில் ஓர் அறைதான் இருந்தது.

அதில் ஒரு கட்டில். கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினாற்போல் இரண்டு சின்னச் சதுரங்கள்.

நுண்ணோக்கியின் திருகைத் திருப்பித் தெளிவாக்கினான். சுவர்களை ஒவ்வொன்றாக மறுபடி பார்த்துக்கொண்டு வந்தான். அறை ஒன்றுதான். தலையணை இரண்டு.

பின்னால் நின்ற ஃபெலிக்ஸ் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற படங்கள் எல்லாம் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்பவை. ஒரு கம்பியோடும் சேராதவை. சங்கரி மட்டும் வீட்டிலிருந்து ஒரு கோடு இழுத்து, சிப்புக்கு மின்சாரம் வருகிற கம்பியில் சேர்த்திருந்தாள். கடைசி நேரத்தில் எதற்கு இந்த வம்பு என்று அவர் திட்டியிருக்கிறார். கேட்கவில்லை.

"இருட்டு வீட்டுல எப்டிண்ணே குடியிருக்கிறதுன்னு கேட்டா, மாப்ள."

அவன் நிமிரவில்லை.

ஃபெலிக்ஸ் காத்திருந்தார். பிறகு பத்திரத்தை மெல்ல அவன் கைப்பக்கம் நகர்த்தினார். அதில் வருகிற பணத்துக்குப் பெரும்பாக்கத்தில் நல்ல வீடு கிடைக்கும். இரண்டு படுக்கையறை உள்ள வீடு.

"இத ஆன் பண்ண முடியுமா?"

ஃபெலிக்ஸ் சுவிட்சைப் போட்டார். எங்கோ ஒரு சிறிய விசிறி சுழலத் தொடங்கியது.

வீட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தெரியாது என்று அவனுக்கும் தெரியும்.

கண்ணை எடுக்காமல், மேசையைக் கையால் தடவி, பேனாவை மூடிவைக்க அதன் மூடியைத் தேடினான்.