இடது கால்

இடது காலை எடுத்தால் அவ்வளவுதான், குடும்பமே காலி. கிளென் கிளட்ச் பெடலை அழுத்தியபடி, வழியும் வியர்வையைக்கூடத் துடைக்காமல் எதிரே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கோதுமை ஏற்றிய சரக்கு ரயில் மரவட்டையாய் ஊர்ந்தது. பக்கத்து சீட்டில் மனைவி ரோவினா. மடியில், சற்று முன் தபால் ஆபீஸில் வாங்கிவந்த அட்டைப்பெட்டி.

"என்ன இப்படி வேர்க்குது உனக்கு?"

"வெயிலு."

"ஏசி ஓடுதே."

இன்ஜினை அணைக்கச் சாவியை நோக்கி நகர்ந்த அவன் கையைத் தட்டிவிட்டாள். "ஏசி நின்னுடும். சும்மா இரு."

ரேஸுக்கென்றே செய்த இரட்டைத் தட்டு கிளட்ச் அது. நியூட்ரலில் காலை எடுத்தால், தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியதுபோல் கடகடக்கும். கோளாறு இல்லை, அதன் சுபாவமே அப்படி. அழுத்தினால் அடங்கிவிடும்.

இரண்டு வருடம் முன்பு டிராக்கில் கார் உருண்டு அவன் தோள்பட்டை நொறுங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சத்தியம் வாங்கினாள் ரோவினா. "இன்னொரு தடவை நீ ரேஸ் ஓட்டினா, குழந்தையைத் தூக்கிட்டு கெய்ன்ஸுக்கு எங்கம்மாகிட்ட போயிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை ரேஸ். அதற்குள் புது கிளட்சை எண்ணூறு கிலோமீட்டர் பழக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓட்டினால் கணக்கில் சேராது. ஊருக்குள் நின்று நின்று போனால்தான் தட்டுகள் படியும். அவள் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளில் ரகசியமாக அதை மாட்டினான். திரும்பி வந்ததும் அவளுடைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையாம். மூன்று வாரமாகத் தினமும் பேக்கரி, மருந்துக்கடை, லைப்ரரி என்று இவன் காரில்தான் சுற்றுகிறாள். "பைபாஸ் வேணாம், ஊருக்குள்ளயே போ" என்று வேறு.

"ஊர் கோதுமை மொத்தமும் இதுலயே போகுது போல. நமக்கு ரொட்டிக்கு மிச்சம் வைப்பாங்களா?" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தொடை நடுங்க ஆரம்பித்திருந்தது.

"பெட்டியில என்ன?" பேச்சு கொடுத்தால் நேரம் போகுமென்று கேட்டான்.

"தங்கச்சி கல்யாணத்துக்குத் தொப்பி."

"தொப்பியா? அஞ்சு கிலோ அரிசி மாதிரி உன் மடியை அமுக்குதே."

அவள் கையை நீட்டி ரேடியோவை அணைத்தாள். இனிச் சின்னச் சத்தமும் அவள் காதுக்குத் தப்பாது.

கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. கால் நழுவியது.

கடகடகடகட!

பக்கத்துக் காரிலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். கிளென் கண்களை இறுக மூடிக்கொண்டான். குழந்தையின் முகம் வந்து போனது.

"ரோவினா, நான் சொல்றதைக் கேளு..."

"அப்படியே விடு. இவ்வளவு நேரம் அழுத்தி வச்சா பேரிங் போயிடும்."

அவன் கண்ணைத் திறந்தான்.

"எண்ணூறுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி?"

"அ... அறுபது."

"அப்ப நாளைக்கும் ரெண்டு தடவை லைப்ரரி போகணும்."

பெட்டியைப் பிரித்தாள். உள்ளே சிவப்பு ஹெல்மெட். அவன் தலை அதில் நுழையாது. அவள் எடுத்து மாட்டினாள், கச்சிதமாகப் பொருந்தியது.

கேட் திறந்தது.

"ஞாயித்துக்கிழமை குழந்தையை நீ பாத்துக்க."