சிப்பிக்குத் தண்ணீர் மாற்றும் டீச்சர்

இதில் வயிறு வலிக்கச் சிரிக்க ஒரு இடம் உண்டு. ஆனால் இப்போதல்ல, முதலில் தேவகுமார் சன்னலடிக்குப் போய்ச் சேரட்டும்.

தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம். பாறசாலைக்குப் பக்கத்துக் கல்லூரி அது. வகுப்பைப் புறக்கணித்த மாணவர்கள் யாரும் உள்ளே போவதில்லை. சௌதாமினி டீச்சர் மட்டும் தினமும் விலங்கியல் ஆய்வுக்கூடத்தைத் திறந்தார்.

"கிளாஸ் எடுக்க இல்ல மக்கா. ஆத்துச் சிப்பிக்குத் தண்ணி மாத்தணும். ஒண்ணு செத்தா தொட்டியே நாறிப்போவும், மத்ததும் சாவும்," என்பார், மறிப்பவர்களிடம்.

"அங்க ஆளுவ சாவுதானுவ, இவங்களுக்கு சிப்பி பெருசு," என்றான் மறியலில் நின்ற சத்தியதாஸ். "கருங்காலியாக்கும்."

"இன்னையோட நிறுத்திருவாங்க. பாத்துக்க," என்றான் தேவகுமார்.

தேவகுமாருக்கு எந்தக் குரலும் வரும், அது கல்லூரிக்கே தெரியும். பிரின்சிபல் இருமுவது, கண்டக்டர் மலையாளத்தில் வைவது, உபதேசியார் கொட்டாவி விடுவது எல்லாம். இன்று எடுத்து வைத்திருந்தது நேசையனின் குரல்.

நேசையன் இவர்களோடு ஒரே வகுப்பில் படித்தவன். போலீஸ் விரட்டியபோது நெய்யாற்றில் குதித்தவன். உடல் கிடைக்கவில்லை. போலீஸ் மட்டும் இன்னும் வீடுவீடாகத் தேடிக்கொண்டிருந்தது.

"செத்தவன வச்சா வெளையாட்டு? தப்புடே," என்றான் சத்தியதாஸ்.

"ஒரே ஒரு தடவ."

சிரிக்கும் இடம் வருகிறது, பொறுங்கள்.

மழை இருட்டு. உள்ளே டீச்சர் தொட்டி மணலில் கைவிட்டு ஒவ்வொரு சிப்பியாகத் தொட்டுக்கொண்டிருந்தார். தொட்டதும் மூடினால் உயிர் உண்டு. பிளந்தே கிடந்தால் எடுத்து வெளியே. ஆற்று வாடை சன்னல் இடுக்கில் கசிந்தது.

இடுக்கில் வாயை வைத்தான்.

"டீச்சரே... குளிருது டீச்சரே..."

அலறல் வரவில்லை. வாளி உருளவில்லை. டீச்சர் திரும்பக்கூட இல்லை.

"குளிரத்தான் செய்யும் நேசையா," என்றார், அடுத்த சிப்பியைத் தொட்டபடி. "இத முடிச்சிட்டு வாறேன்."

தேவகுமார் இடுக்கோடு காதை ஒட்டிக்கொண்டான். செத்தவனோடு பேசுகிறார். அதுவும் தினமும் பேசிப் பழகினவர் மாதிரி.

"சத்தம் போடாதேண்ணு எத்தன தடவ சொல்லியாச்சு? வெளியில பயலுவ நிக்கானுவ. போலீசு காதுல விழுந்தா ஒன்னயும் கொண்டுபோவான், என்னயும் கொண்டுபோவான்."

எலும்புக்கூட்டு அலமாரிக்குப் பின்னாலிருந்து அதே குரல், கொஞ்சம் திகைத்து வந்தது:

"நான் வாயே தெறக்கல்லியே டீச்சர்."

டீச்சரின் கை தொட்டிக்குள் அப்படியே நின்றது. மெல்லச் சன்னல் பக்கம் திரும்பினார்.

"எலே... தேவகுமாரா?"