கையில் இரண்டு ராஜா

சஞ்சீவி மலைமேல் வெயில் சாய்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி நிழலில் ஆனந்தவல்லி தன் தம்பி வேல்பாண்டிக்கு லோபால் சீட்டாட்டம் சொல்லிக்கொடுக்கிறாள். "ஏலே, இது ரம்மி இல்ல. ஜோடி சேந்தா குப்பை. பெரிய சீட்டைத் தூர எறிஞ்சிட்டு, பதிலுக்கு வேற எடு. ஆகச் சின்னக் கைதான் ஜெயிக்கும்." தோற்றவர் கீழே போய், அவளுக்குப் பார்த்திருக்கும் போலீஸ் மாப்பிள்ளை வேண்டாமென்று ரிட்டயர்டு ராணுவ அப்பாவிடம் சொல்ல வேண்டும். காற்றில் சீட்டுகள் நடுங்குகின்றன. ஆனந்தவல்லி தன் சீட்டைப் பார்க்காமல் கீழே போகும் படியையே பார்க்கிறாள். வேல்பாண்டியிடம் இரண்டு, மூன்று, நான்கு, அப்புறம் இரண்டு ராஜா. எதை எறிய வேண்டுமென்று இப்போது அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. சின்னச் சீட்டு மூன்றையும் நிதானமாக எறிந்துவிட்டு வேறு மூன்று எடுக்கிறான். ராஜாக்களை விரித்து வைக்கிறான். "கூமுட்ட, எம்புட்டுச் சொன்னேன்," என்கிறாள் அக்கா. "மண்டையில ஏறலக்கா," என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்குகிறான்.