ஜோடி விசில்

மைதிலி விசில் ஊதியதும், ஆற்றுக்குள் நின்ற பிள்ளைகள் ஜோடி ஜோடியாகக் கை கோத்து மேலே தூக்கினார்கள். தேவிப்ரியாவின் கை மட்டும் தனியாக நின்றது.

"உன் ஜோடி எங்க சாமி?"

"யுவஸ்ரீ இங்கதானுங்க்கா இருந்தா. எங்க கெணத்துல மூழ்குற மாதிரி மூழ்கிக் காட்டுறேன்னு சொன்னா." தேவிப்ரியா தண்ணீரைக் காட்டினாள். "இன்னும் எந்திரிக்கலீங்க்கா."

ஜேடர்பாளையத்தில் காவிரிக் கரையோரம் நடந்த கோடை முகாம் அது. நீச்சல், பரிசல், மூன்று லைஃப்கார்டுகள் என்று தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாமே மைதிலியின் பொறுப்பு. பிள்ளைகள் ஜோடி இல்லாமல் தண்ணீரில் கால் நனைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எந்நேரமும் விசிலும் கையுமாகத் திரிந்ததால், அவளுக்கு 'விசில் அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பிள்ளைகளை எல்லாம் கரையேறச் சொல்லிக் கத்திவிட்டு மைதிலி ஓடினாள். முதலில் கண்ணில் பட்டவன் லைஃப்கார்டு காளிதாஸ். பரிசலைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"காளி, யுவஸ்ரீயைக் காணோம்! எறங்கு!"

சட்டையைக் கழற்றி வீசிவிட்டுத் தண்ணீர் ஓரம் வரை வந்தவன், அங்கேயே நின்றுவிட்டான்.

"அந்தப் பாறைக்கு அடியில சுழி இருக்குதுங்க்கா. அருணகிரி அண்ணன் வந்துரட்டும், ரெண்டு பேராப் போறோம்."

மைதிலிக்கு ரத்தம் தலைக்கேறியது. உள்ளே ஒரு பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது, இவன் கரையில் நின்று நியாயம் பேசுகிறான்!

"பயமா இருந்தா இந்த வேலைக்கு ஏண்டா வந்தே? எறங்குடா!"

காளிதாஸின் முகம் சுண்டிப்போனது. அந்தப் பாறையை நோக்கிக் குதித்தான்.

மற்ற இரண்டு லைஃப்கார்டுகளான அருணகிரியும் மயில்சாமியும் பதறியடித்து ஓடி வந்து குதித்தார்கள். சத்தம் கேட்டு வாழைத் தோட்டத்து ஆட்களும், மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள்.

"மூழ்குன எடத்துலதாய்யா புள்ள இருக்கும், அங்கயே தேடுங்க!" என்று யாரோ கத்தினார். பாதிப் பேர் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகினவர்கள். அவர்களுக்கு அது சரியாகவே பட்டது. கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் பழகின மைதிலிக்கும் அந்த நேரத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. அத்தனை பேரும் அந்த ஒரே இடத்தைப் போட்டுக் கலக்கினார்கள்.

தலைகள் எழுந்தன, மூழ்கின. எது யாருடைய தலை என்று கரையிலிருந்து பார்க்கத் தெரியவில்லை. ஒவ்வொரு தலை எழும்போதும் "கெடச்சாளா?" என்று கேட்டுக் கேட்டு மைதிலிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இல்லையென்று கையைத்தான் ஆட்டினார்கள்.

அவளே இறங்கப் போனாள். "பிள்ளைக எல்லாம் கரையில நிக்குது, அதுகள யாருங்க பாக்குறது?" என்று சமையல்கார ஆத்தாயி அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது. திரையில் 'யுவஸ்ரீ அப்பா' என்று வந்தது. மேச்சேரியில் ஆடு வளர்க்கிற மனிதர். மகளைக் கொண்டுவந்து விட்ட அன்று, "நீங்க இருக்கற தைரியத்துலதானுங்க உட்டுட்டுப் போறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

மைதிலி எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது? மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா காவேரி, அந்தப் புள்ளைய மட்டும் திருப்பிக் குடுத்துரு தாயி!" என்று வாய்விட்டு அழுதாள்.

"அக்கா..."

திரும்பினாள். பின்னால் யுவஸ்ரீ நின்றாள். உடம்பெல்லாம் நனைந்து, முழங்காலில் முள் கீறலோடு.

"எங்கடி போய்த் தொலைஞ்சே?"

"கெணத்துல மூழ்குன எடத்துலயே எந்திரிக்கலாமுங்க்கா. இங்க எந்திரிச்சுப் பாத்தா உங்க யாரையுமே காணோம். தண்ணி எங்கயோ இழுத்துட்டுப் போயிருச்சு." சிறுமிக்கு இப்போதுதான் அழுகை வந்தது. "துணி தொவைக்குற கல்லப் புடிச்சு ஏறி, வாழைத் தோப்புக்குள்ள வழி தேடி நடந்து வாரேன்."

அறைய ஓங்கிய கை, அவளை இழுத்துக் கட்டிக்கொண்டது. போன் திரும்பவும் அடித்தது. மைதிலி அதை யுவஸ்ரீயின் கையிலேயே கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லீங்கப்பா, குளிச்சுட்டு இருந்தேன்" என்று மூக்கை உறிஞ்சியபடி அவள் சொன்னதைக் கேட்டு, மைதிலிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

விசிலை எடுத்து நீளமாக ஊதினாள். "புள்ள வந்துட்டா! எல்லாரும் மேல வாங்க!"

ஆறே ஆரவாரம் போட்டது. ஒவ்வொருவராகக் கரையேறி வந்து யுவஸ்ரீயைச் சூழ்ந்துகொண்டார்கள். "வயித்துல பால வார்த்தே சாமி" என்று அருணகிரி அவள் தலையைத் தடவினார். ஆத்தாயி எல்லாருக்கும் டீ போட ஓடினாள்.

மூச்சு சீரான பிறகுதான் மைதிலிக்குத் தான் பேசின பேச்சு உறைத்தது. இருக்கிறவர்களிலேயே நல்ல நீச்சல்காரனை, சொன்ன வேலையைத் தட்டாதவனை, அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

"அருணகிரிண்ணா, காளிதாஸைக் கொஞ்சம் கூப்பிடுங்க. அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்."

துண்டால் தலை துவட்டிக்கொண்டிருந்த அருணகிரி நிறுத்தினார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார்.

"அவன் அப்பவே கரையேறிட்டான்னுல்லீங்க நெனச்சோம்!"